கடலோரத்து நல்ல தண்ணீர்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் திருச்செந்தூருக்குப் போனோம். யுத்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியை எரித்து ஓடின. அருப்புக்கோட்டையில் ஏறி, தூத்துக்குடியில் மாறி, போய் இறங்கும்போது மூக்கெல்லாம் கரி.

பரளச்சிக் கிராமத்துக்காரியான நான் கடலைப் பெரிய கண்மாய் என்றுதான் நினைத்திருந்தேன். கண்மாய் காலுக்குக் கீழே கிடக்கும். இதுவோ கண்ணுக்கு மேலே எழுந்து நின்றது. மேட்டில் நிற்கிற தண்ணீர் ஏன் ஊருக்குள் வரவில்லை? அவரிடம் கேட்டேன்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? வா" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு முங்கினோம். வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டு, "நம்ம கெணத்துத் தண்ணிதான்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் புஞ்சையில் ஒன்றரை வருஷம் அவரே கடப்பாரை பிடித்துத் தோண்டிய கிணறு, உப்பாகப் போயிருந்தது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

கடலில் குளித்தவர்கள் நாழிக்கிணற்றிலும் குளிக்க வேண்டும் என்றார்கள். அது கடலிலிருந்து கூப்பிடு தூரம். படியிறங்கிப் போனால் தானியம் புடைக்கிற சுளகு அகலத்துக்கு ஒரு சதுரக் குழி. ஒரு வாய் குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர்.

விறுவிறுவென்று மேலே ஏறிக் கடலுக்குப் போனார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். திரும்பி வந்து கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். மறுபடி கடலுக்கு. மூன்று தடவை இப்படி அலைந்ததைப் பார்த்து ஜனம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

படியோரம் பூ விற்ற அம்மாள், "என்னய்யா தேடுதீங்க? சாமி வேல் ஊன்றித் தண்ணி வந்த இடம் இது. பேசாம குடிங்க" என்றாள்.

"கடலு இங்க இருக்கு, தண்ணி நல்லாருக்கு. எங்கூருக்கும் கடலுக்கும் ஒருநாள் பஸ்ஸுப் பயணம். அங்க ஏன் உப்பு?"

"உங்கூருக் கெணத்தப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்?"

அவர் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. முகத்திலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

பிறகு கடையில் இட்லி சாப்பிட்டோம். இலை நிறையத் தேங்காய்ச் சட்னி. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஊர் திரும்பிய வாரமே புஞ்சையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மதுரைக்கு மில் வேலைக்குப் புறப்பட்டார். "சாமிமேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. நீயும் துணிமணிய எடுத்து வையி" என்றார்.

மணலுக்கடியில் மழைத்தண்ணீர் தங்குமாம், அதனால்தான் நாழிக்கிணற்றுக்கு அந்த ருசியாம். படித்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். அன்று அவர் மனம் உடைந்து புறப்பட்டாரா, பாரம் இறங்கிப் புறப்பட்டாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.