பழுத்த வண்டிக்கு அடுத்த வண்டி

ஒரு வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய நேர்ந்தால் 'அடியைப் பிடிடா பாரதபட்டா' என்பார்கள். கணினியை அந்தத் தொல்லையிலிருந்து காப்பாற்றுவதுதான் நானாகப் படித்துக் கற்ற வித்தை. ஒன்று மாறினால், மாறியதை மட்டும் கணக்கிட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் அதே விடைதான் வர வேண்டும். அப்படி வரும் என்று நிரூபிக்காதவரை அது வெறும் அவசரம். மனைவி இறந்தபின், திருப்பதியில் அலிபிரி பக்கத்து அறையில் எனக்குப் பேச்சுத் துணை இந்த நிரூபணங்கள்தான்.

போன மாங்காய்ப் பருவத்தில், பங்காருபாளையம் தாண்டி ஒரு மாங்கூழ் ஆலைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். அதிகம் பழுத்த லோடு எதுவோ, அந்த வண்டியின் எண் திரையில் வரும். அதுதான் முதலில் உள்ளே போகும். புது வண்டி வந்தால் திரையில் இருப்பதோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். தாளில் நிரூபித்தும் இருந்தேன்.

முதல் நாளே, ஒரு வண்டியும் உள்ளே போகுமுன், திரையில் இருந்த வண்டிக்காரர் காத்துக் காத்து அலுத்து, வேறு ஆலைக்குத் திருப்பிவிட்டார். அங்கே அது வழக்கமாம். என் நிரூபணத்தில் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் வரிசையை விட்டுப் போகவில்லை, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி.

மாங்காய்ச் சாறு வழியும் கையோடு, வரிசையில் நின்ற ஒரு பெண், நான் உட்கார்ந்திருந்த ஆலை வாசல் அறையின் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா சார், போய்ட்டவனையே கூப்ட்டுக்கினு கீது உன் டிவி? எம் மாங்கா அழுவிக்கினு கீது!"

"செத்த இரும்மா, பாக்கறேன்."

"நான் இருப்பேன். பழம் இருக்குமா?"

பழுத்த ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லியிருந்தேன். அது போய்விட்டால் அடுத்தது எது என்று சொல்ல உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை. வேறு வழியில்லை, அடியைத்தான் பிடித்தேன். நிற்கும் வண்டிகளை எல்லாம் புதிதாக ஒப்பிட்டதும் அந்தப் பெண்ணின் வண்டி எண் வந்தது. டிராக்டர் உள்ளே போனது.

திரும்பும்போது ஜன்னலில் இரண்டு பழம் வைத்தார். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு ஊட்ல இருக்கறவங்களுக்கு."

சரிம்மா என்றேன். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

திருப்பதி பஸ்ஸில் அந்த நிரலைத் திருத்திக்கொண்டே வந்தேன். இனி எந்த வண்டியையும் மறக்காது, வரிசைப்படி வைத்திருக்கும். அறைக்கு வந்து ஒரு பழத்தைத் தின்றேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன். இத்தனை நாளில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

தட்டினேன்.