கேட்டில் கொட்டிய கசாயம்

மலாயா அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, செமிலிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அந்த மாதமே எனக்கு மாதவிலக்கு நின்றது. நாலு வருடமாகப் பிள்ளை இல்லாததால், பயத்தில்தான் நின்றது என்று நினைத்துவிட்டேன். அது வரவேண்டுமென்று எள்ளும் கருப்பட்டியும் காய்ச்சி, மாமியாருக்குத் தெரியாமல் பால் வெட்டப் போகும் வெட்டுக்காட்டில் குடிக்கப் போத்தலில் எடுத்துப் போனேன்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் அக்கா போத்தலை முகர்ந்தார்.

“இனிக்குதே! காட்டுல ஒளிஞ்சிருக்கிறவனுக்கு விருந்தாடி?”

“எனக்குத்தான்க்கா, கசாயம்.”

“எதுவானாலும் திங்கிற சாமான் வெளிய போவக் கூடாது லா.” மண்ணில் கொட்டிவிட்டார்.

அழுதுகொண்டே ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். பால் வாடையில் குமட்டி மயங்கி விழுந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பார்த்துவிட்டு, “பிள்ளைம்மா,” என்றார்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறாள். நாள் தள்ளினால் இன்றும் பயம்தான். ஆனால் கசாயத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. நேரே டிரெசரிடம் போகிறேன்.