இல்லாத ரத்தம்

முறத்தில் கல் பொறுக்கும்போதே நடுநடுவே ஒரு சிட்டிகை பச்சரிசி செல்லக்கிளியின் வாய்க்குப் போய்விடும். "அரிசி தின்னா கல்யாணத்துல மழ பெய்யும்டி" என்று எங்கள் குடியிருப்பு பிளாக்கில் யாராவது கேலி செய்தால், "எனக்கு ஆயி இருவது வருசமாவுது. இனிமே பேஞ்சா மைன்ஸ்லதான் தண்ணி நிக்கும்" என்பாள், மென்றுகொண்டே.

நாற்பத்திரண்டு வயது. நிலக்கரி மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை; காலை ஷிப்டுக்கு நானூறு இட்லி அவள் கையால் இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் தனகோட்டியும் பதினேழு வருஷமாகக் கான்ட்ராக்ட்தான். அவருக்குப் பர்மனன்ட் ஆகும்வரை பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுப்பதாக வில்லுடையான்பட்டு முருகனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். முருகன் இன்னும் யோசிக்கிறார். இவள் உடம்பு யோசிப்பதில்லை. மாதம் பத்து நாள் தீட்டு கொட்டும், அதுவும் சரியாக விரத நாள் பார்த்து. அதற்குத்தான் தள்ளிப்போடுகிற மாத்திரை. மெடிக்கலில் சீட்டுக் கேட்பதில்லை.

போன வருஷம் பால்குடம், பின்னாலேயே நாத்தனார் வீட்டுக் காதுகுத்து என்று இருபது நாள் சேர்ந்தாற்போல விழுங்கினாள். மூன்று நாள் மண்டையிடிக்குத் தைலம் தேய்த்தாள். நாலாம் நாள் இட்லித் தட்டு இடது கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தம் ஆறு பாயின்ட்தான் இருக்கிறது. அரிசி தின்னச் சொல்வதே அந்தச் சோகைதான். இரும்புச்சத்து குறைந்தாலும் ரத்தம் உறையும். அந்த மாத்திரை அதைக் கூட்டி, மூளையில் குழாயை அடைத்துவிட்டது. இனி தொடவே கூடாது.

"ரத்தமே இல்லன்றீங்க. இல்லாத ரத்தம் எப்டிங்க கட்டும்?" என்றாள், கோணிய வாயோடு.

ஒரு வருஷமாக பிளாக் முழுக்க இதே கேள்வியைக் கேட்டுவருகிறாள். இரும்பு மாத்திரை கொடுத்தால், "வெளிக்கி மைன்ஸ் கரியாட்டம் போவுதுக்கா" என்று ஒளித்துவைக்கிறாள். எதிர்வீட்டுக்காரி நான் உருவிக் கொடுக்கிற முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறது. கேன்டீனில் பாவம் பார்த்து உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். என்ன வேலை? அரிசியில் கல் பொறுக்குவது!

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். உத்திரத்துக்கு இன்னும் பத்து நாள்; மாத்திரையை மறுபடி தொடங்கப்போவதாகச் சொன்னாள்.

"திரும்பவுமா? செத்துப்போவடி" என்றேன்.

"இந்த ஒரு வாட்டிக்கா. லிஸ்ட்டுல அவரு பேரு வந்துகினு இருக்குதாம். இப்பப் போயி நான் உட்டா, முருகன் உடுவானா?"

பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் அழுத்தப் பார்த்தாள். இடது விரல்களில் பிடி நிற்கவில்லை, அட்டை இரண்டு தடவை மடியில் விழுந்தது. பிறகு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதை என்னிடம் நீட்டினாள்.

"பிரிச்சிக் குடுக்கா."