நாகப்பட்டினத்தில் பதிவான காரைக்கால் நண்டுகள்

மாணவ ஆய்வாளர்களுக்கான இணையதளத்தில் நான் போட்ட கடற்கரை நண்டுக் கணக்கு மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மாவட்டத்திலிருந்து இன்னொருவரும் எண்ணிப் பார்த்தால்தான் ஏற்பார்கள்.

இன்று பள்ளி விட்டு வந்ததும் தஸ்னீம் என்ற மாணவியின் செய்தி.

"நீங்களும் நாகப்பட்டினமா? உங்க நண்டை நான் எண்ணவா?"

கூச்சத்தோடு உண்மையைச் சொன்னேன். "நான் காரைக்கால்ங்க. மாவட்டப் பட்டியல்ல தமிழ்நாடு மட்டும்தான் இருக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த எங்க ஊரைக் காணோம். அதான் பக்கத்து ஊரைப் போட்டேன்."

அனுப்பியதுமே போச்சு என்று நினைத்தேன்.

"அடிப்பாவி! நானும் காரைக்கால்தான், திருமலைராயன்பட்டினம்டீ. நானும் அப்படித்தான் போட்டேன்!"

வீடே அதிரக் கத்திவிட்டேன். சனிக்கிழமை காலை எண்ண வருகிறாள்!

இன்னும் எத்தனை காரைக்கால் விஞ்ஞானிகள் நாகப்பட்டினத்தில் ஒளிந்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள், எல்லாருக்கும் போதுமான நண்டு இருக்கிறது.