தேன் சோதனைக்கு ஒரு தூக்குவாளி டீ

இன்று காலை சமையலறைப் பக்கம் போனதும் மூக்கு விழித்துக்கொண்டது. உறைந்துபோன தேன் பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தியிருந்தாள் என் மனைவி. "ஐயோ, எடு!" என்று நான் பாய்ந்ததில் பால் சட்டி கவிழ்ந்தது. "தேனுக்கு இவ்வளவு பதறுதீங்களே, பாலுக்கு யாரு பொறுப்பு?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தச் சூடேறிய தேன் வாசனை என்னைப் பழைய வம்பு ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாளையங்கோட்டையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிது. வெள்ளைக் கோட்டு போட்டதுமே அறிவும் வந்துவிட்டதாக நினைப்பு. ஆழ்வார்குறிச்சியில் தேனீப் பெட்டி வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு பாட்டிலோடு வந்தார். தேன் உறைந்துவிட்டதால், சீனிப்பாகு கலக்கிறார் என்று ஊரில் பேச்சாம்.

"நல்ல தேனும் உறையும்னா எவன் கேக்கான்? நீரு ஒரு தாள் எழுதித் தாரும் வே. இல்லேன்னா சந்தையில தலைகாட்ட முடியாது."

உறைந்த தேனை இளஞ்சூட்டில் பைய இளக்கவேண்டும். நான் கொதிநீரில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே உளுந்தவடையில் மிளகை முழுசாகப் போடலாமா, தட்டிப் போடலாமா என்று வழக்கு, நீதிபதி நான். திரும்பி வந்து, தேனை ஈதரில் பிரித்து, சீனிப்பாகைக் காட்டிக்கொடுக்கும் ரிசார்சினால் என்ற மருந்து கலந்த அமிலத்தை விட்டால், செர்ரிப் பழமாய்ச் சிவந்தது! கள்ளனைப் பிடித்துவிட்ட புல்லரிப்பு எனக்கு. 'கலப்படம்' என்று எழுதி நீட்டினேன்.

அண்ணாச்சி தாளைத் தொடவில்லை. "தேனை என்ன செஞ்சீரு?"

"சூடு காட்டுனேன்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு டீ குடிக்க நேரம்."

"ஒரு டீயா? கோட்டுல நாலு வடைத்துணுக்கு கெடக்கு வே!"

தேனை அதிகம் காய்ச்சினாலும் அதே சிவப்பு வரும். படித்த பாடம்தான், வடையைக் கண்டதும் மறந்துபோனது. மீதித் தேனை ஒழுங்காக இளக்கி, அவர் கண்முன்னாலேயே மறுபடி செய்தேன். நிறமே மாறவில்லை. மற்ற சீனிச் சோதனைகளிலும் தேறியது. பழைய தாளைக் கிழித்தேன். அண்ணாச்சி புதியதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

அடுத்த வருடத்திலிருந்து தேனோடு ஒரு தூக்குவாளி டீயும் வடைப் பொட்டலமும் வரும். "இங்கன இருந்தே குடியும். வெளிய போவப்பிடாது" என்று வாசலை மறித்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. தேன், முத்திரையிட்ட குப்பியில், கொண்டுவந்தவர் பேரில்லாமல் வெறும் எண்ணாக வெளியூருக்குப் போகிறது. அங்கே ஓர் இயந்திரம் சர்க்கரையின் வம்சாவளியையே சொல்லிவிடுகிறதாம். அது டீ குடிக்க எழுந்து போவதில்லை, நல்லதுதான். ஆனால் அதற்கு வடை கொண்டுவர ஆளில்லை, பாவம்.