முட்டிக்குக் கீழே

முதலில் பெருவிரல் மரத்தது. பிறகு மற்ற விரல்கள். தொட்டால் வேறு யாரோ ஒருத்தியின் கால் மாதிரி ஜில்லென்று இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

கால் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லக் கேட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் காலை உடைத்தவன் என் அண்ணன். நாங்கள் கோயிலில் ஆடுகிற குடும்பம். வீடு ஆவடியில். அண்ணனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது. கூட வேலை செய்தவர்கள், "உன் தங்கச்சி இந்த வாரம் எந்த ஊர்ல ஆடுறா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். இனி ஆடக்கூடாது என்றான். நான் குத்தம்பாக்கம் திருவிழாவில் ஆடிவிட்டு வந்தேன்.

"இனிமே எப்படி ஆடுறேன்னு பாக்குறேண்டி" என்று உலக்கையை எடுத்தான். ஒரே அடி. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கினபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை வண்டியில் போட்டு, பூந்தமல்லியில் என் வாத்தியாரம்மா வீட்டில் இறக்கினார்கள்.

வாத்தியாரம்மா பெயர் கனகாம்புஜம். ஏழு வயசிலிருந்து எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். நாங்கள் ஆறேழு பெண்கள். அவர் தரையில் உட்கார்ந்து, தட்டுக்கழியால் (தாளம் தட்டுகிற கோல்) மனைக்கட்டையில் தட்டுவார். கால் தப்பினால் கழி பறந்து வந்து கணுக்காலில் விழும். ரத்தம் வந்தாலும் நிற்கக்கூடாது. வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தவள் முதலிலிருந்து ஆட வேண்டும்.

என்னோடு படித்த செங்கமலம் ஒரு நாள் காலில் முள்ளோடு கடைசி வரை ஆடினாள். வாத்தியாரம்மா முள்ளைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் அந்தப் பழத்தின் மேல் பொறாமை.

காட்டுப்பாக்கத்திலிருந்து எலும்பு கட்டுகிறவர் வந்தார். காலை இழுத்து எலும்பைச் சேர்த்தார். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிய துணியைச் சுற்றினார். அது காயக் காய இறுகும்.

"ரொம்ப இறுக்கினா சொல்லும்மா. அவுத்துக் கட்றேன். வாயை மூடிகினு கெடக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். ஆணி அடிப்பது போலக் குத்தியது. செங்கமலம் பார்க்க வந்தாள்.

"இன்னாடி, வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்றே. வேர்த்து ஊத்துது."

"வாத்தியாரம்மா உள்ள கீறாங்க. பேசாம போடி."

அவளும் அதே கழியில் அடி வாங்கினவள்தான். பேசாமல் போய்விட்டாள்.

பிறகு வலி நின்றது. குணமாகிறது என்று நினைத்தேன். கட்டுப் போட்டிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வலி திடீரென்று நின்றால் பயப்படுங்கள்.

நாற்றத்தைக் கண்டுபிடித்தது வாத்தியாரம்மாதான். எனக்குச் சோறு வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். பாக்குவெட்டியை எடுத்து வந்து கட்டை முறுக் முறுக்கென்று நறுக்கினார். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கொப்புளம் உடைந்து கறுப்புத் தண்ணீர் ஓடியது.

"எத்தினி நாளா மரத்துக் கீது?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கன்னத்தில் அறைந்தார்.

"கேக்குறேன் இல்ல?"

"நீங்கதானே சொல்லக்கூடாதுன்னு..."

"ஆடும்போது சொல்லாதேன்னேன். சாகும்போதும் சொல்லாதேன்னா சொன்னேன், முண்டமே?"

திட்டிக்கொண்டே அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சீழ் அவர் புடவையில் வடிந்தது. துடைக்கவில்லை.

வண்டி கட்டி ஆவடி, அங்கிருந்து ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. நாற்றம் தாங்காமல் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கோ" என்றார் வாத்தியாரம்மா.

டாக்டர் பாதத்தை ஊசியால் குத்தினார். எனக்குத் தெரியவில்லை. அழுகல் என்றார் (ரத்தம் ஓடாமல் சதை சாவது, அது மேலே ஏறும்).

"முட்டிக்கு மேலே எடுத்துடலாம். உயிருக்குப் பயமில்லை."

"கீழே எடுத்தா?" என்று வாத்தியாரம்மா கேட்டார்.

"எடுக்கலாம். அழுகல் ஏறினா மறுபடி வெட்டணும். அதுக்குள்ள ரத்தத்துல விஷம் கலந்தா ஆள் தேறாது."

"முட்டி இருந்தா இன்னா லாபம்?"

"கட்டைக்கால் மாட்டி நல்லா நடக்கலாம். மடக்கி உட்காரலாம், எழுந்திருக்கலாம். இல்லேன்னா கஷ்டம்தான்."

வாத்தியாரம்மா என்னைக் காட்டினார். "அவ காலு. அவளைக் கேளுங்க."

கீழே என்றேன்.

குளோரோபாரம் (துணியில் ஊற்றி மூக்கில் வைக்கிற மயக்க மருந்து) இனிப்பாக வாசம் அடித்தது. இரண்டு பேர் என் கையை அமுக்கினார்கள். அதில் ஒருவரை நான் ரத்தம் வரக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

அண்ணன் வந்தான். சாத்துக்குடிப் பையோடு வராந்தாவில் நின்றான். வாத்தியாரம்மா எழுந்து போனார். தட்டுக்கழியால் அவன் வாயில் அடித்தார். பல் தெறித்தது. பழமெல்லாம் உருண்டது. அவன் குனிந்து தரையில் துழாவினான்.

"நல்லா தேடு நைனா, பல்லும் அங்கதான் கீது" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

வாயைப் பொத்திக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. ஆயா பழத்தைப் பொறுக்கி வார்டில் எல்லாருக்கும் கொடுத்தாள். நானும் தின்றேன்.

தினமும் புண்ணைக் கழுவினார்கள். துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்து எடுப்பார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தேன். வாத்தியாரம்மா கழியால் கட்டிலைத் தட்டினார்.

"கத்து."

"வேணாம்."

"எங்க வலிக்குதோ அங்க விரல் வெச்சு காட்டு. காட்டிகினே கத்து."

எனக்கு வரவில்லை. தோளில் ஓர் அடி விழுந்தது. "இனிமே இதான் பாடம்" என்றார். முதல் தடவை அது வெளியே வந்தபோது மாடு கத்துவது போல இருந்தது. வார்டே சிரித்தது. "கொஞ்சம் சுதி சேத்து கத்துமே" என்றாள் அதே கட்டில்காரி.

பிறகு ஜுரம் வந்தது. புது வலி ஒன்று, முட்டிக்குப் பின்னால். விரலை வைத்துக் கத்தினேன். கட்டுப் போடுகிறவர், "புண்ணு கீழே கீது, நீ மேலே காட்டுறியே" என்று நகர்ந்தார். வாத்தியாரம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வலிக்குதுன்னு சொல்லவே அவ இப்பதான் கத்துக்கினா. பொய்யாச் சொல்ல இன்னும் தெரியாது. டாக்டரைக் கூப்பிடு."

டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அந்த ஜுரத்தில் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார். அப்படியே கத்தி வைத்தார். நான் கத்தின சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வாத்தியாரம்மா என் தலையை இடுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சொல்லாம விட்டிருந்தா முட்டி போயிருக்கும். நீயும் போயிருப்பே" என்றார் டாக்டர். ஜுரம் இறங்கியது. முட்டி தங்கியது.

கட்டைக்கால் மாட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குத் திரும்பினேன். வாத்தியாரம்மா அடிப்பதை விடவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்னால் எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து, "யாருக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்ட வேண்டும். மறைத்துவிட்டுப் பிறகு நொண்டினவளுக்குக் கழி. முதலில் காலைத்தான் காட்டினார்கள். போகப் போக முதுகைக் காட்டினார்கள். வீட்டில் யாராவது உதைத்த இடத்தைக் காட்டினார்கள். அந்த வீட்டுக்கு வாத்தியாரம்மா கழியோடு போவார்.

அவர் செத்து வருஷங்கள் ஆகின்றன. எங்கள் ஆட்டத்தை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. செங்கமலம் பட்டாபிராமில் பிரசவம் பார்க்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பெண்களை, விரல் வைத்துக் காட்டச் சொல்லி மிரட்டுகிறாளாம். காட்டாதவளுக்குத் தொடையில் ஒரு கிள்ளு.

இல்லாத பாதம் வலிக்கும். உங்களுக்கும் வரும். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வெட்டின நரம்புக்குப் பாதம் போனது தெரியாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு மழை நாளில் குதிகால் எரியும். சில நாள் பெருவிரல் மடங்கிக்கொண்டு பிரியாது. பாதம் இருந்த வெற்றிடத்தில் விரலை நீட்டி, இங்கே என்று சத்தமாகச் சொல்வேன். வீட்டில் பழகிவிட்டார்கள்.

இருக்கிற கால் கிழடாகிவிட்டது. நரம்பு சுருண்டு, நகம் தடித்து, படி ஏறினால் வீங்குகிறது. போன பாதத்துக்கு வயசே ஆகவில்லை. வெட்டின அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. அது வலிக்கிற நேரத்தில் எனக்கு எத்தனை வயசு என்று எனக்கே தெரிவதில்லை.