வயிற்று வலிக்குத்தான் லீவு

என் வீட்டுக்காரர் சந்திரமோகனுக்கு உடம்பில் வயிறு ஒன்றுதான் இருக்கிறது. கோபம் வந்தாலும் வயிறு, கவலை வந்தாலும் வயிறு. கூடப் பிறந்த தம்பி சண்டை போட்டுக்கொண்டு சேத்துப்பட்டுக்குக் குடிபோன அன்று, இரண்டு சோடாவைக் குடித்துவிட்டு ஜீரணம் ஆகவில்லை என்று படுத்துக்கொண்டார். இருபது வருஷமாக ஒரே தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறேன். வருத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நல்லவர்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோர்வைப் பட்டு என்றால் ஆரணியில் அவர் கைக்கு மரியாதை உண்டு. ஆனால் நல்லவரோடு குடும்பம் நடத்துவது எத்தனை பேஜார் என்று கல்யாணத்துக்கு முன்னால் எவளும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வயிற்றை அப்படியே மகளுக்கும் கொடுத்துவிட்டார். சுகன்யா பத்தாவது படிக்கிறாள். ஆடி மாதத்திலிருந்து, காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மாத்திரை கொடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். டாக்டர் ஒன்றும் இல்லை என்றால் என் வீட்டுக்காரருக்கு அது தொக்கம்.

பெரணமல்லூர் போகிற வழியில் அம்மணி என்று ஓர் அம்மா தொக்கம் எடுப்பார். செரிக்காமல் வயிற்றில் சிக்கிய சோற்றைத் தடவித் தடவி மேலே கொண்டுவந்து, வெளியே எடுத்து வெற்றிலையில் வைத்துக் காட்டுவார். அந்த வெற்றிலையைப் பார்த்ததும் இவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கவேண்டுமே! மூன்று நாள் மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவாள். நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடம்புக்கு அவர் நூல் நாடாவை ஓட்டவேண்டும், கரைக்கு நான் ஓட்டவேண்டும். அவர் மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் நான் தறியில் உட்கார்ந்து ஈ ஓட்டவேண்டியதுதான். இப்படி நான்கு தடவை.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இன்னும் நான்கு நாளுக்கு மேல் லீவு போட்டால் வருகைப்பதிவு போதாது, அவளால் பரீட்சை எழுத முடியாது என்றார் டீச்சர். அடுத்த நாளே அவள் மறுபடியும் சுருண்டாள். ஐந்தாவது தடவை நானும் கூடவே போனேன்.

அம்மணி சுகன்யாவின் வயிற்றில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"இந்தப் பொண்ணு வயித்துல ஒண்ணும் இல்லீங்க. நாலு தபா எடுத்துட்டேன். இன்னும் எடுக்கறதுக்கு நான் எங்க போவேன்?"

இன்னொரு தடவை நன்றாகத் தடவிப் பார்க்கச் சொல்லி இவர் கெஞ்சினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வலிக்கிறதா இல்லையா, உண்மையைச் சொல் என்று மகளை உலுக்கினேன்.

"வலி இல்லம்மா. அழுக அழுகயா வருது. அதச் சொன்னா லீவு உடுவியா? வயித்து வலின்னாதான உடுவ."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒன்றாவதிலிருந்து கூடவே இருந்த கலைமகள் பெஞ்சு மாறிப் போய்விட்டாளாம். இவள் வகுப்புக்குள் நுழைந்தால் புதுக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறாளாம். அவ்வளவுதான். "இதுக்காடி?" என்று கேட்டுவிட்டேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட! வீடு வந்து சேரும்வரை அவள் அப்பா முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் இவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் சிரிக்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். இவருக்கு மட்டும் என்ன தெரியும்? கோபமா என்றார். கொஞ்சம் என்றாள். வெட்கமா என்றார். யோசித்துத் தலையாட்டினாள். பயமா என்று கேட்டபோது அழ ஆரம்பித்தாள். இவர் சோடா வாங்க ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை, அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். என்னால் அது முடிந்திருக்காது.

திங்கட்கிழமை யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பயமாக இருக்கிறது என்றாள். இன்னும் மூன்று நாள் லீவுதான் மிச்சம் என்று கத்த வந்த வாயைப் பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும்மா," என்றார் இவர். "பயந்துகினே போலாம். அழுக வந்தா டீச்சராண்ட அழுக வருதுன்னே சொல்லு."

பைக்கில் கூட்டிப் போனார். கால் மணியில் திரும்புகிற தூரம். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, ஆளைக் காணோம். தறி சும்மா நிற்கிறது. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. போன் போட்டு, அவள் உள்ளே போனாளா இல்லையா என்று கேட்டேன். மணி அடிக்கும் முன்னாலேயே போய்விட்டாளாம், இவர்தான் இன்னும் கேட்டுக்கு வெளியே நிற்கிறாராம். அப்புறம் அங்கேயே நின்று என்ன பண்ணுகிறீர்கள், ஜல்தி வாங்க என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அவ போய்ட்டா லதா. எனக்குத்தான் பயமா இருக்குது."

நான் போனை வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.